சமைக்கத் தெரியாதவளின் சாப்பாட்டுக் கடை

வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தியைத் தவிர மற்ற எல்லோருக்கும் நன்றாகச் சமைக்கத் தெரியும். அந்த ஒருத்தியைத்தான் கண்டக்டர் என்பார்கள். ஊரில் அவள் டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவள். சண்டை மூண்டு, பஸ் நின்று, பிறகு ஊரே நின்றுபோனபோது கணவரோடு கடல் தாண்டி இந்த நகரத்துக்கு வந்தவள். இங்கே அவளுக்குக் கிடைத்தது ஆபீஸ்களைப் பெருக்கித் துடைக்கிற வேலை. பஸ் போய்விட்டாலும் பெயர் மட்டும் அவளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அகதியாக வந்த பெண்களும் பிழைப்புத் தேடி வந்த பெண்களும் சொந்தமாகச் சாப்பாட்டுத் தொழில் தொடங்க உதவுகிற சங்கம் அது. தேர்வானவர்களுக்குப் பொதுச் சமையற்கூடத்தில் அடுப்பும் பாத்திரமும் கொடுப்பார்கள். சுத்தம் பற்றியும் கணக்குப் பற்றியும் பயிற்சி உண்டு. மதியம் ஆபீஸ் தெருவில் போட்டு விற்க ஒரு மேசை. கடைசியில் அவர்களில் ஒருத்திக்கு ரயில் ஸ்டேஷன் வாசலில் ஒரு கடை. சங்கத்தை நடத்துகிற மேடம் கையில் ஆறிப்போன காபியோடு ஒவ்வொருத்தியிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார். நீங்கள் என்ன சமைப்பீர்கள்?

ஒருத்தி இனிப்பு என்றாள். ஒருத்தி மீன் என்றாள். கண்டக்டருக்குப் பக்கத்தில் இருந்த பெரிய உடம்புக்காரி வேறொரு நாட்டிலிருந்து வந்தவள். இந்த ஊர் மொழியில் ரொட்டி என்ற ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, மிச்சத்தை இரண்டு கையையும் விரித்து அளவு காட்டிப் புரியவைத்தாள்.

கண்டக்டரின் முறை வந்தது. கூடத்தின் ஜன்னலுக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் கூச்சமே இல்லாமல், "எல்லாம் சமைப்பேன்" என்றாள்.

அவள் சோறு வடித்தால் ஒன்று கூழாகும், இல்லாவிட்டால் கரியாகும். நடுவில் இறங்க ஒரு ஸ்டாப்பிங் இருப்பதே அவளுக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் அவள் வைத்த ஒரு குழம்பைக் கணவர் வாயில் வைத்துவிட்டு, எழுந்துபோய்க் கைகழுவி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுப்பை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அடுப்பு அவருடையது. அவர் ஆஸ்பத்திரிச் சமையல்காரர். வார்டு வார்டாக, உப்பில்லாதது, காரமில்லாதது, அரைத்தது, வடித்தது என்று நோயாளிக்கு ஒன்றாகச் சமைத்தும், அத்தனையையும் ருசியாகச் சமைத்தவர். ஆஸ்பத்திரியை மூடச் சொன்ன நாளிலும், உலையில் அரிசி வெந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி, அதை இறக்கி, எல்லோருக்கும் போட்ட பிறகுதான் வெளியே வந்தார்.

இந்த ஊருக்கு வந்தபின் அவருக்கு ஒரு ஓட்டலில் வேலை கிடைத்தது. பாக்கெட்டில் வருவதைச் சூடுபண்ணித் தட்டில் கொட்டுகிற வேலை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டார். பிறகு இறைச்சிக் குளிர்க்கிடங்கில் பெட்டி தூக்கினார். ஒரு பெட்டி தோளில் விழுந்தது. கை தோளுக்குமேல் உயரவில்லை. கிடங்கில் வேண்டாம் என்றுவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் ஜன்னலருகே உட்கார்ந்தவர்தான். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர். அவள் வேலைக்குப் போகும்போது எப்படி உட்கார்ந்திருந்தாரோ, திரும்பி வரும்போதும் அப்படியே உட்கார்ந்திருப்பார். கண்டக்டருக்கு வறுமையோடு பழக்கம் உண்டு. இதோடு பழக்கமில்லை. பேசுகிற மனிதர் பேசாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. அதனால்தான் அந்தப் பொய்.

வீட்டுக்கு வந்து, தேர்வாகிவிட்ட விஷயத்தைச் சொன்னாள். சமையல்காரர் சுவரிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

"நீ சமைக்கப் போறியா?"

"ஆமா."

"சாப்பிடறவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

பல மாதங்களுக்குப் பிறகு அவர் சொன்ன முதல் கேலி அது. கண்டக்டர் திரும்பி நின்று முந்தானையைச் சரிசெய்வதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதலில் நேர்மையாகக் கற்றுக்கொள்ளத்தான் பார்த்தாள். ஒற்றை அடுப்பில் சட்டியை வைத்து அவர் சொல்லிக்கொடுத்தார். வெங்காயம் பொன்னிறமாக வரவேண்டும் என்றார். பொன்னிறம் என்றால் எந்த நிறம் என்று கேட்டாள்.

"பொன் நிறம்தான். தங்கத்தைப் பார்த்ததில்லையா?"

"இருந்ததையெல்லாம் படகுக்காரன்கிட்ட கழற்றிக் கொடுத்ததோட சரி. இப்ப ஞாபகம் இல்ல."

அவர் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் வெங்காயம் கறுத்துவிட்டது. இரண்டாவது தடவை பச்சையாக இருக்கும்போதே இறக்கிவிட்டாள். மூன்றாவது தடவை, வீட்டுச் சொந்தக்காரருக்கு யார் பதில் சொல்வது என்று பயந்துகொண்டே புகையை விசிறி வெளியேற்றினார்கள். கடைசியில் சமையல்காரர் அவள் கையிலிருந்த கரண்டியை மெதுவாக வாங்கிக்கொண்டார். வாங்கியபோது வலிக்கிற தோளை அவர் மறந்திருந்தார். அதை அவள் கவனித்தாள். கவனித்த மறுநிமிஷமே அவளுக்கு வழி புரிந்துவிட்டது.

மூட்டை தூக்க வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துவரலாம் என்று சங்கத்தில் அனுமதி இருந்தது. அவள் அவரை அழைத்துப் போனாள். அதன்பிறகு அந்தச் சமையற்கூடத்தில் நடந்தது இதுதான்: மூட்டை தூக்க வந்தவர் சமைத்தார், சமைக்க வந்தவள் மூட்டை தூக்கினாள்.

நீளமான கூடம். பளபளவென்று தகரம்போல மின்னும் மேசைகள், தலைக்குமேல் ஓயாமல் இரைகிற புகைபோக்கி, கைகழுவ மட்டும் தனியாக ஒரு தொட்டி. தலைக்கு வலை கட்டாமல் யாரும் அடுப்பருகே போகக்கூடாது. குளிர்ப்பெட்டியில் வைக்கிற ஒவ்வொரு டப்பாவிலும் தேதி ஒட்டவேண்டும். முதல் நாள் சமையல்காரர் அந்தப் பெரிய அடுப்பின் முன்னால் போய்ச் சும்மா நின்றார். குமிழைத் திருகினார். நீல நெருப்பு வட்டமாக எழுந்தது. ஒரு பெரிய சட்டியை எடுத்துப் பின்பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தார், மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர் மாதிரி. பிறகு வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தார். பேச்சில்லை. கத்தி மட்டும் பேசிக்கொண்டே இருந்தது. பருப்பு வெந்து, பூண்டு சிவந்து, கோழிக் குழம்பு தளதளவென்று கொதி வந்தபோது அடுத்தடுத்த அடுப்புகளில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தலையைத் திருப்பினார்கள்.

ரொட்டிக்காரிதான் முதலில் கண்டுபிடித்தவள். மாவு பிசைந்துகொண்டே சமையல்காரரைப் பார்த்தாள், பிறகு அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த கண்டக்டரைப் பார்த்தாள். சிரிப்பில் அவளுடைய வயிறு குலுங்கியது. இந்த ஊர் மொழியை அரைகுறையாகக் கோர்த்து, நல்ல கல்யாணம் என்றாள். மேடம் காலையில் கூடத்தைத் திறந்துவிட்டு மாடியிலிருந்த ஆபீசுக்குப் போய்விடுவார். அவர் இறங்கிவருகிற செருப்புச் சத்தம் கேட்டால் ரொட்டிக்காரி உருட்டுக்கட்டையால் மேசையை இரண்டு தட்டுத் தட்டுவாள். கரண்டி கை மாறிவிடும். மேடம் வந்து பார்க்கும்போது கண்டக்டர் கிண்டிக்கொண்டிருப்பாள், சமையல்காரர் காலி மூட்டையை மடித்துக்கொண்டிருப்பார். மேடம் ருசி பார்த்துவிட்டு, இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று ஒருநாள் கேட்டார். வீட்டில்தான் என்றாள் கண்டக்டர். அது பொய்யில்லை என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கற்றுக்கொள்ளத்தான் முடியவில்லை, மற்றபடி இடம் சரிதான்.

ஆனால் அடுப்பை விட்டு வெளியே வந்துவிட்டால் கதை வேறு. ஆபீஸ் தெருவில் மேசையைப் போட்டு அவள் நின்றால் அந்தத் தெருவுக்கே ஒரு ஒழுங்கு வந்துவிடும். பசியோடு வருகிற கூட்டத்துக்கு நிதானம் கிடையாது. அவள் கண்ணாலேயே வரிசை கட்டினாள். நடுவில் புகுந்த ஒரு டை கட்டிய ஆளை, முன்னால் வந்த மாதிரியே பின்னால் போகவைத்தாள். ஒரு தடவை வாங்கியவர் மறுதடவை வந்தால், காரம் குறைவு, முட்டை வேண்டாம் என்று அவர் சொல்வதற்கு முன்பே இவள் சொன்னாள். சில்லறைக்காக யாரையும் காக்கவைக்காத மாதிரி விலையை வைத்தாள். காலையில் வானத்தைப் பார்த்து, இன்றைக்கு மழை விடாது, ஆபீஸ்காரர்கள் வெளியே வரமாட்டார்கள், சோற்றைக் குறைத்துக் குழம்பைத் தண்ணியாக, சூடாகக் குடிக்கிற மாதிரி வையுங்கள் என்பாள். அவர் அப்படியே வைப்பார். மழையில் மற்ற மேசைகள் மடங்கிக் கிடக்க, இவள் ஒவ்வொரு ஆபீஸ் வாசலாகப் போய்க் காகிதக் கோப்பையில் விற்றுவிட்டு வருவாள். காய் மண்டிக்காரனிடம் பேரம் பேசி முடித்தால், அவன் நஷ்டப்பட்டோமா லாபப்பட்டோமா என்று தெரியாமல் விழிப்பான்.

வியாபாரம் நன்றாகப் போகிறது என்றதும் மூத்தவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

மூத்தவர் என்றால் சமையல்காரரின் அண்ணன். இவர்களுக்கு முன்பே இந்த ஊருக்கு வந்து, பார்சல் அனுப்புகிற கடை வைத்து, சொந்த வீடும் வாங்கியவர். அந்த வீட்டின் பின்னறையில்தான் இவர்கள் இருந்தார்கள். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. வந்து இறங்கிய அன்று கம்பளியும் சட்டி பானையும் கொடுத்தது அவர்தான். ஆனால் கொடுத்ததை மறக்கிற பழக்கம் அவருக்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலில் பின்னறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். காலை ஆட்டிக்கொண்டே பேசினார்.

"உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். ஸ்டேஷன் கடை கிடைச்சதும் தம்பி பேருக்கு மாத்திடுவோம். முதல் நான் போடறேன். நீ பாவம், எத்தனை நாளைக்குத் தெருவுல நின்னு கத்துவே? உள்ள இருந்து பாத்திரம் பண்டத்தைக் கவனிச்சுக்க. கல்லாவுல நான் இருக்கேன். நான் இல்லாதப்ப தம்பி இருக்கட்டும்."

"இதுவரைக்கும் நின்னு வித்தது யாரு மாமா?"

"நீதான். யாரு இல்லைன்னா?"

"அப்ப கல்லாவுல நான்தான் இருப்பேன்."

மூத்தவரின் கால் ஆடுவது நின்றது. "பொம்பளை கல்லாவுல உட்கார்ந்து, புருஷன் அடுப்படியில நின்னா, நம்ம ஆளுங்க என்ன பேசுவாங்க?"

"பேசட்டும். வாங்கித் தின்னுட்டுப் பேசட்டும்."

மூத்தவர் தம்பியைப் பார்த்தார். தம்பி பாயிலிருந்து பிரிந்த ஒரு கோரையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றினார், அவிழ்த்தார், மறுபடியும் சுற்றினார். யோசித்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மூத்தவர் எழுந்து போனார்.

கதவு சாத்தியதும் கண்டக்டர் கேட்டாள். "வாயில என்ன வச்சிருந்தீங்க?"

"வந்து இறங்கினப்ப இடம் கொடுத்தது அண்ணன்தானே."

"கொடுத்தார். இல்லைங்கல. அதுக்காக என் இடத்தை எடுத்துக்கலாமா?"

அவர் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். அன்று அவர் வைத்த சோற்றில் உப்பு கூடிவிட்டது. அவர் வாழ்க்கையில் அப்படி நடந்ததில்லை. இரண்டு பேரும் உப்பைப் பற்றிப் பேசாமல் சாப்பிட்டு முடித்தார்கள்.

அந்த வாரமே மேடம் எல்லோரையும் கூப்பிட்டு, ஸ்டேஷன் கடையை யாருக்குத் தருவது என்று முடிவுசெய்யக் குழு வரப்போகிறது என்றார். குழு முன்னால் ஒவ்வொருத்தியும் நின்று சமைத்துக் காட்டவேண்டும். கண்டக்டரைத் தனியாக அழைத்து, உங்களுக்குத்தான் கிடைக்கும் என்று நினைக்கிறேன், தைரியமாகச் செய்யுங்கள் என்று கையைப் பிடித்துச் சொன்னார். அந்தக் கையின் சூட்டில் கண்டக்டருக்கு முதல்தடவையாகத் தன் பொய் உறுத்தியது.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் நல்ல மழை. கூரையின் ஓட்டை வழியாகத் தண்ணீர் கொட்ட, இரண்டு பேரும் ஒரே ஓரத்தில் ஒடுங்கி நின்றார்கள். சமையல்காரர் மெதுவாக, காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்றார்.

"யாருக்குக் காய்ச்சல்?"

"உனக்கு."

"அடுத்த தடவை கேட்டா?"

"அதுக்குள்ள ஒரு குழம்பாவது உனக்குச் சொல்லிக்கொடுத்துடறேன்."

"வேண்டாங்க. சமைக்கத் தெரியாததுக்கு நான் வெட்கப்படல. தெரிஞ்ச மாதிரி கரண்டிய வச்சுக்கிட்டு நிக்கறேன் பாருங்க, அதுக்குத்தான் வெட்கமா இருக்கு." மழைக்கு மேலாகக் குரலை உயர்த்தவேண்டியிருந்தது. "நீங்களும் மூட்டை மடிச்சது போதும்."

குழு வந்த அன்று கூடம் முழுவதும் கழுவிவிட்ட வாசனை. வந்தவர்கள் இரண்டு பேர். ஊரில் பல ஓட்டல்கள் வைத்திருக்கிற ஒருவர், பேங்கில் பெரிய வேலையில் இருக்கிற ஒரு அம்மா. கூடவே மேடம். இனிப்புக்காரி சமைத்தாள், மீன்காரி சமைத்தாள். ரொட்டிக்காரியின் ரொட்டியை ஓட்டல்காரர் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்தது கண்டக்டர்.

அவள் தலையில் வலையைச் சரிசெய்துகொண்டு அடுப்பு முன்னால் வந்து நின்றாள். பின்னால் திரும்பிக் கணவரைக் கூப்பிட்டாள். அவர் தயங்கித் தயங்கி வந்தார். கரண்டியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, குழுவுக்கு எதிரே, மேசைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"எனக்குச் சமைக்கத் தெரியாது. இத்தனை நாள் இங்க என் பேர்ல வந்ததெல்லாம் இவர் சமைச்சது. நான் வித்தேன்."

மேடத்தின் முகம் வெளிறிப்போயிற்று.

"எங்கிட்ட எல்லாம் சமைப்பேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன் மேடம். பொய்தான். ஆனா நீங்க என்ன சமைப்பீங்கன்னுதான் கேட்டீங்க. என்ன தொழில் தெரியும்னு கேட்கல. கேட்டிருந்தா உண்மையச் சொல்லியிருப்பேன்."

பேங்க் அம்மா, இப்படிப் பொய் சொன்னவரை நம்பிக் கடையை எப்படிக் கொடுப்பது என்றார். அது நியாயமான கேள்விதான் என்று கண்டக்டருக்கே தெரிந்தது. மேடம்தான் விடவில்லை. எழுந்து நின்றுவிட்டார்.

"இது பெண்களுக்கான சங்கம். பொண்டாட்டி பேரை முன்னால வச்சுக்கிட்டு ஆம்பளைங்க உள்ள வர்றதை எத்தனை தடவை பார்த்திருக்கேன் தெரியுமா? கடை வந்ததும் அவர் முதலாளி, நீங்க வேலைக்காரி."

"தெரியும் மேடம். எங்க வீட்டுலயே ஒருத்தர் அதுக்கு வழி பார்த்துக்கிட்டு இருக்கார். அவர்கிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன். இப்ப உங்ககிட்டயும் சொல்றேன். நான் அடுப்படிக்குப் போகமாட்டேன்." அவள் குரல் தானாகவே பழைய உயரத்துக்கு ஏறிவிட்டது. "எங்க ஊர்ல நான் பஸ் கண்டக்டர். வண்டிய ஓட்டினது டிரைவர். ஏறினவங்க யாரும், நீ ஏன் ஓட்டலைன்னு என்னைக் கேட்டதில்ல. நான் விசில் கொடுக்காம அந்த வண்டி நகர்ந்ததும் இல்ல."

ஓட்டல்காரர் சிரித்துவிட்டார். தனக்கு முட்டை அவிக்கக்கூடத் தெரியாது என்றும், இதுவரை யாரும் அதைக் குற்றமாகச் சொன்னதில்லை என்றும் சொன்னார். பிறகு சமையல்காரரைப் பார்த்து, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். சமையல்காரருக்கு இந்த ஊர் மொழி எப்போதும் நெஞ்சுக்குழியிலேயே நின்றுவிடும். ஆமாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, எண்ணெய் காய்வதைப் பார்த்துக் குனிந்துகொண்டார். இன்னும் ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று கண்டக்டர் காத்திருந்தாள். அவர் வெங்காயத்தைப் போட்டார்.

சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். நன்றாயிருக்கிறது என்றார்கள். ஸ்டேஷன் கடை இனிப்புக்காரிக்குப் போயிற்று.

மறுநாளும் கண்டக்டர் வழக்கம்போல மேசை போட்டாள். மாத முடிவுவரை மேசை அவளுடையதுதான், யாரும் எடுக்கச் சொல்லவில்லை. தூறலில் வரிசை நின்றது. வரிசையில் ஒருவராக மேடம் நின்றிருந்ததை, அவர் முறை வந்தபோதுதான் பார்த்தாள். மேடம் காசு கொடுத்து வாங்கி, மேசை ஓரமாகவே நின்று சாப்பிட்டார். கூட்டம் குறைகிறவரைக்கும் அங்கேயே இருந்து அவள் விற்பதைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப நாங்களும் உங்களை மாதிரிதான் இந்த ஊருக்கு வந்தோம். எங்கம்மா இந்த மாதிரி ஒரு மேசை போட்டாங்க. அவங்க சமைச்சாங்க. வர்ற காசை எங்கப்பா வாங்கிப் பையில போட்டுப்பார். ஒரு செருப்பு வாங்கணும்னாகூட அம்மா அவர்கிட்ட கேட்டு நிப்பாங்க. அதனாலதான் இந்தச் சங்கமே."

கண்டக்டர் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு நிமிர்ந்தாள். "உங்க அம்மா சமைச்சாங்க, முதலாளி ஆகல. நான் சமைக்கல, முதலாளியா இருக்கேன். நீங்க சமைக்கறவங்களையே தேடினா, திரும்பத் திரும்ப உங்க அம்மாதான் மேடம் கிடைப்பாங்க."

மேடம் கொஞ்சநேரம் காலிப் பெட்டியின் அடியை ஸ்பூனால் சுரண்டிக்கொண்டிருந்தார். "பொய் சொன்னதுக்கு எனக்கு இன்னும் கோபம்தான்" என்றார்.

"கோபப்படுங்க. நானும் கோபமாத்தான் இருக்கேன்."

சலவைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், சாவி செய்கிறவர் காலி செய்துவிட்டுப் போன இடம் ஒன்று இருக்கிறது என்று மேடம் சொன்னார். சங்கத்துக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட இடம். ரொம்பக் குறுகல் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. மாடியில் ஒரு அறையும் உண்டு. கடை கண்டக்டர் பேரில் மட்டும்தான் இருக்கவேண்டும், பேரை மாற்றினால் அன்றைக்கே பூட்டுவேன் என்றார். எப்போது வேண்டுமானாலும் வந்து சோதித்துப் பார்ப்பேன் என்றார். தினமும் வாருங்கள், சாப்பாட்டு நேரத்தில் வாருங்கள் என்றாள் கண்டக்டர்.

பின்னறையைக் காலி செய்கிற அன்று மூத்தவர் வாசலில் நின்று பார்த்தார். ரொட்டிக்காரியும் அவள் தங்கையும் வேனில் கட்டிலை ஏற்றிக் கொடுத்தார்கள். குறுகலான கடையில் குழாய் மாற்றுவதற்கும், புகைபோக்கி வைப்பதற்கும், சுவரில் படிந்திருந்த இரும்புத்தூள் கறை போகத் தேய்ப்பதற்கும் ஒரு மழைக்காலமே போயிற்று. சுகாதார அதிகாரி வந்து குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, கைகழுவும் தொட்டியை ஒரு முழம் தள்ளி வைக்கச் சொன்னார். தள்ளி வைத்தார்கள். முன்பக்கம் கண்ணாடிக் கதவு, அதையொட்டிக் கல்லா, பின்னால் இடுப்பளவு தடுப்பு, அதற்கப்பால் அடுப்பு. உள்ளே உட்கார இடமில்லை. வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான்.

திறந்த அன்று காலையில் மழை விட்டிருந்தது. தெரு ஈரமாகப் பளபளத்தது. ஆபீஸ் தெருவில் வாங்கிப் பழகியவர்கள் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். சலவைக் கடைக்காரி தன் கடையைத் திறந்துபோட்டுவிட்டு முதல் ஆளாக நின்றாள். வரிசை மருந்துக் கடை வாசலைத் தாண்டியது. முட்டைக்காரன் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிக்க, கண்டக்டர் ஒரு நிமிஷம் என்று வரிசையிடம் சொல்லிவிட்டு வெளியே ஓடினாள்.

இரண்டு கையிலும் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது கல்லாவில் மூத்தவர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. முகமெல்லாம் சிரிப்பு. வரிசையில் முன்னால் நின்றவரிடம், வாங்க வாங்க, தம்பி கடைதான், என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மேசை இழுப்பறைமேல் அவர் கை இருந்தது.

கண்டக்டர் அப்படியே நின்றாள். கையில் முட்டை. வைக்க இடமில்லை. இத்தனை பேர் முன்னால் சண்டை போட்டால் திறந்த அன்றே கடை சிரிப்பாய்ச் சிரிக்கும். போடாவிட்டால் அவர் இனி எழுந்திருக்கமாட்டார். என்ன சொல்வது என்று அவள் வாயைத் திறப்பதற்குள் தடுப்புக்கு அப்பால் அடுப்புச் சத்தம் தணிந்தது. சமையல்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"அண்ணே, எழுந்திருங்க."

மூத்தவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். "என்னடா?"

"அது முதலாளி உட்கார்ற இடம்."

"நான் உன் அண்ணன்டா."

"ஆமா, அண்ணன்தான். நான் இங்க சமையல்காரன். முதலாளி அவங்க. கையில சுமையோட நிக்கறாங்க, எழுந்திருங்க."

சத்தமே போடவில்லை. உப்பு போதும், இறக்கிவிடலாம் என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னார். வரிசையில் இருந்தவர்களுக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் ஒரு நாற்காலியைப் பற்றிய பேச்சு என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சலவைக் கடைக்காரி மூத்தவரை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

மூத்தவரின் முகம் சிவந்தது, கறுத்தது. தம்பியை அவர் இதுவரை பார்த்ததே இல்லை என்பதுபோலப் பார்த்தார். தம்பி கண்ணைத் தாழ்த்தவில்லை. நாற்காலி கரகரவென்று பின்னால் நகர்ந்தது. மூத்தவர் எழுந்தார். கடை இருந்த குறுகலில் வெளியே போகவேண்டுமானால் கண்டக்டரும் முட்டையும் விலகினால்தான் முடியும். அவள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள். சமையல்காரர் அட்டைகளை அவள் கையிலிருந்து வாங்கி, வலியுள்ள தோள் பக்கம் படாமல் தாங்கிக்கொண்டு உள்ளே போனார். அவளைப் பார்க்கக்கூட இல்லை. எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

அவள் போய் உட்கார்ந்தாள். நாற்காலியில் இன்னொருவர் சூடு இருந்தது. இழுப்பறையை ஒருதடவை திறந்து மூடினாள். கதவுக்கு வெளியே தயங்கி நின்ற மூத்தவரைப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மாமா, சாப்பிட்டுட்டுப் போங்க. வரிசை அங்க, மருந்துக் கடைக்கு அந்தப் பக்கத்துலேருந்து வருது."

மூத்தவர் தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார். போய்விடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். உள்ளேயிருந்து பூண்டு சிவக்கிற வாசனை கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போயிற்று. அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாக நடந்து, கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றார்.

கண்டக்டர் முன்னால் இருந்தவரிடம் திரும்பினாள்.

"உங்களுக்கு என்ன?"